‘நொடிக்கு 200 எம்பி’ உண்மையா? மெமரி கார்டின் வேகத்தை வீட்டிலேயே அளக்க ஒரு முழு வழிகாட்டி

சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ எஸ்டி கார்டின் முகப்பில் 200 எம்பி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். லேப்டாப்பில் செருகி அதிலிருந்து ஒரு வீடியோவைக் காப்பி எடுத்தால் வேகம் 90-ஐ ஒட்டி நின்றுவிடும். கார்டில் எதையாவது எழுதிப் பார்த்தால் இன்னும் குறையலாம். டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்ற சந்தேகம் உடனே வரும். பெரும்பாலும் கார்டு ஒரிஜினல்தான். அந்த 200-ஐ எடுக்கக்கூடிய ரீடர்தான் நம்மிடம் இருக்காது. சில சமயம் நிஜமாகவே டூப்ளிகேட்டாகவும் இருக்கும். எது எதுவென்று பிரித்தறிய ஒரு நல்ல கார்டு ரீடர், காசில்லாமல் கிடைக்கும் இரண்டு மூன்று மென்பொருள்கள், ஒரு மாலைப்பொழுது, இவ்வளவு போதும்.

முதலில் கார்டின் முகத்தைப் படியுங்கள்

ஒரு கார்டில் ஐந்தாறு குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவை எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

பெரிய எண் (95, 170, 200) என்பது படிக்கும் வேகம். அதாவது கார்டிலிருந்து கணினிக்கு எடுக்கும் வேகம், அதுவும் தயாரிப்பாளரின் சோதனைக்கூடத்தில் கிடைத்த உச்சம். பெட்டியின் அட்டையில் ‘வரை’ என்றொரு சொல் பொடி எழுத்தில் பக்கத்திலேயே நிற்கும். எழுதும் வேகம் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். விலை குறைந்த வரிசைகளில் பெரும்பாலும் அதைச் சொல்லவே மாட்டார்கள். எழுதும் வேகம் எங்கும் அச்சிடப்படவில்லை என்றால், அது பெருமையாகச் சொல்லும்படி இல்லை என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

சின்ன எழுத்துகள்தான் நமக்கு வேண்டியவை. சி என்ற எழுத்துக்குள் 10, யு என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3, வி என்ற எழுத்தோடு 6, 10, 30, 60, 90. இவை எல்லாம் தொடர்ச்சியாக எழுதும்போது வேகம் எதற்குக் கீழே இறங்காது என்பதற்கான உறுதி. சி10, யு1, வி10 மூன்றும் நொடிக்கு 10 எம்பி. யு3, வி30 இரண்டும் 30 எம்பி. வி60, வி90 ஆகியவற்றுக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. முகத்தில் 150 என்று போட்டிருக்கும் ஒரு கார்டில் யு1 மட்டுமே இருந்தால், அது உறுதி தருவது வெறும் 10 எம்பி. அந்த இடைவெளி 15 மடங்கு. விளம்பரம் பொய் சொல்லவில்லை. நாம் தேடாத எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஏ1, ஏ2 என்பவை வேறு கணக்கு. கார்டில் செயலிகளையோ இயங்குதளத்தையோ வைத்து ஓட்டும்போது 4 கிலோபைட் அளவிலான துண்டுகளை அங்குமிங்குமாகப் படித்து எழுத வேண்டியிருக்கும். ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கும், 500 முறை எழுதும். ஏ2 என்றால் 4000, 2000. எம்பியில் சொன்னால் ஏ1 கார்டின் எழுதும் வேகம் நொடிக்கு 2 எம்பிதான். பார்க்கச் சின்ன எண், ஆனால் இந்த வேலைக்கு அது போதும். ஏ2 அந்த எண்ணைத் தர வேண்டுமானால், கட்டளைகளை வரிசையில் அடுக்கி அனுப்பும் வசதி செருகும் கருவியிலும் இருக்க வேண்டும். அது இல்லாத போனிலோ ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியிலோ ஏ2-க்குக் கூடுதல் காசு கொடுத்துப் பயனில்லை.

ரோமன் எண் ஒன்றோ இரண்டோ இருந்தால் அது கார்டு எந்த வகைப் பாதையில் பேசும் என்பதைச் சொல்கிறது: யுஎச்எஸ்-1, யுஎச்எஸ்-2. கார்டைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியும். யுஎச்எஸ்-1 கார்டில் தங்க நிறத் தகடுகள் ஒரு வரிசை. யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை. எழுத்து அழிந்துபோன பழைய கார்டுக்கு இந்த அடையாளம் கைகொடுக்கும்.

லெக்ஸார் போன்றவற்றில் 633, 1066 என்று பெருக்கல் குறியோடு இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். சிடி காலத்து அளவுகோல் அது: ஒரு மடங்கு என்பது நொடிக்கு 150 கிலோபைட். 633 என்றால் 95 எம்பி, 1066 என்றால் 160 எம்பி. இதுவும் படிக்கும் வேகம்தான்.

104 என்ற சுவர்

யுஎச்எஸ்-1 பாதையின் உச்சகட்ட முறைக்கு எஸ்டிஆர்104 என்று பெயர். கடிகாரத் துடிப்பு 208 மெகாஹெர்ட்ஸ், தரவுக்கு நான்கு கம்பிகள், ஒரு துடிப்புக்கு ஒரு கம்பியில் ஒரு பிட். 208-ஐ நான்கால் பெருக்கினால் 832 மெகாபிட். எட்டால் வகுத்தால் 104 எம்பி. கட்டளைகளுக்கும் பிழை சரிபார்ப்புக்கும் கொஞ்சம் நேரம் போய்விடும் என்பதால் கையில் கிடைப்பது 85 முதல் 95 வரை. சாதாரண யுஎச்எஸ்-1 ரீடரில் எந்த நிறுவனத்தின் கார்டைச் செருகினாலும் இதற்கு மேல் போகாது.

அப்படியானால் 170-உம் 200-உம் எங்கிருந்து வந்தன? அதே நான்கு கம்பிகளில், ஒவ்வொரு துடிப்பின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் ஒவ்வொரு பிட் அனுப்பினால் அளவு இரட்டிக்கும். 200 மெகாஹெர்ட்ஸ், நான்கு கம்பி, துடிப்புக்கு இரண்டு பிட்: 1600 மெகாபிட், அதாவது 200 எம்பி. இதைப் பொதுவாக டிடிஆர்200 என்பார்கள். தயாரிப்பாளர்கள் யுஎச்எஸ்-1 வரம்பைத் தாண்டத் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. கார்டும் ரீடரும் இரண்டும் அந்த மொழியைப் பேசினால்தான் வேலை செய்யும். சான்டிஸ்க் கார்டுக்கு அவர்களே அதற்கென்று விற்கும் ரீடர். வேறு நிறுவனம் என்றால் அவர்கள் பொருந்தும் என்று சொல்லும் ரீடர். லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையோ பெரும்பாலான கேமராக்களோ இந்த மொழியைப் பேசுவதில்லை. கேமரா உங்கள் 200 கார்டோடு பழைய 104 கணக்கில்தான் பேசும்.

யுஎச்எஸ்-2 பாதையின் உச்சம் 312 எம்பி. ஆனால் அந்தக் கார்டை ஒற்றை வரிசை ரீடரில் செருகினால் சத்தமில்லாமல் யுஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். பத்தாயிரம் கொடுத்து யுஎச்எஸ்-2 கார்டு வாங்கி, முந்நூறு ரூபாய் ரீடரில் செருகிப் பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். திட்ட வேண்டியது ரீடரை.

கொள்ளளவு மாறினால் வேகமும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் மைக்ரோ எஸ்டியில் 32 ஜிபி கார்டுக்கு அவர்களே அறிவித்திருப்பது படிக்க 100, எழுத 60. அதே பெயரில் வரும் 128 ஜிபிக்கு 190, 90. உள்ளே ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய சிப் பகுதிகள் குறைவு என்பதால் சின்னக் கார்டு மெதுவாக எழுதுகிறது. இணையத்தில் யாரோ 256 ஜிபி கார்டில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு உங்கள் 32 ஜிபி கார்டோடு சண்டை போடாதீர்கள்.

சோதனைக்கு முன்: பாதையைச் சுத்தப்படுத்துவது

கார்டைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ரீடரையும் கேபிளையும் ஹார்ட் டிஸ்கையும் சோதித்துவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. தரவு போகும் பாதையில் எது மெதுவோ அதன் வேகம்தான் திரையில் தெரியும்.

ரீடர் யுஎஸ்பி 3 வகையாக இருக்க வேண்டும். யுஎஸ்பி 2 பாதையின் ஏட்டுக்கணக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் 35 முதல் 42 வரைதான் கிடைக்கும். செருகும் முனையின் உள்ளே நீல நாக்கு இருந்தால் யுஎஸ்பி 3 என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் நீலத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் யுஎஸ்பி பகுதியைத் திறந்தால் ரீடர் 480 மெகாபிட்டில் இணைந்திருக்கிறதா 5 ஜிகாபிட்டிலா என்று காட்டும். விண்டோஸில் யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற சிறிய மென்பொருள் அதே வேலையைச் செய்யும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யுஎஸ்பி 3 ரீடரை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினால், பழைய வகைத் தகடுகள் முதலில் தொட்டு, கணினி அதை யுஎஸ்பி 2 என்று பதிந்துகொள்வது உண்டு. வேகம் 40-இல் நிற்கிறது என்றால் ரீடரைப் பிடுங்கி ஒரே மூச்சில் செருகிப் பாருங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகள், நீட்டிப்பு கேபிள், மலிவான ஹப் எல்லாவற்றையும் தவிர்த்து, மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்கத் துளையில் செருகுங்கள். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டுச் சோதிக்கிறீர்கள் என்றால் அடாப்டர் ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்கவும். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் பிழைகள் கூடி வேகம் தரையைத் தொடும். யுஎச்எஸ்-2 மைக்ரோ எஸ்டிக்கு இரண்டு வரிசைத் தகடு உள்ள அடாப்டர் வேண்டும். பெட்டியோடு இலவசமாக வரும் சாதாரண அடாப்டர் அதை முடக்கிவிடும்.

கார்டிலிருந்து எடுப்பதையும் அதில் எழுதுவதையும் கணினியின் எஸ்எஸ்டியோடு செய்யுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் பாதி நிரம்பி இருந்தால் அதுவே 100-ஐத் தாண்டத் திணறும்.

படி 1: ஃபார்மேட்

கார்டில் இருப்பதை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, எஸ்டி சங்கம் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர் மென்பொருளால் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ் தரும் ஃபார்மேட் வசதியை விட இது ஏன் மேல்? ஃபிளாஷ் நினைவகம் பெரிய பெரிய கட்டங்களாகத்தான் அழித்து எழுதும். அந்தக் கட்டங்களின் எல்லையும் கோப்பு முறையின் எல்லையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்க வேண்டும். பொருந்தாவிட்டால் சின்னதாக ஒன்றை எழுதவும் இரண்டு கட்டங்களைத் தொட வேண்டி வரும். இந்த மென்பொருள் அந்தப் பொருத்தத்தைச் சரியாக வைத்துத் தருகிறது. விரைவு ஃபார்மேட் போதும்.

படி 2: முழுக் கார்டையும் எழுதிப் படிப்பது

வேகத்துக்கு முன்னால் கொள்ளளவைப் பார்த்துவிடுங்கள். டூப்ளிகேட் கார்டுகளில் ஒரு வகை, 16 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும். முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே ஏறி உட்காரும். சாதாரண வேகச் சோதனையில் இது பிடிபடாது.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. ஜெர்மன் மொழியில் திறக்கும். மேலே ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தான் உண்டு. கார்டைத் தேர்ந்தெடுத்து, ‘ஆல் அவெய்லபிள் ஸ்பேஸ்’ என்பதைக் குறித்து, ‘ரைட் பிளஸ் வெரிஃபை’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவிலான கோப்புகளைக் கார்டு நிரம்பும் வரை எழுதி, பிறகு ஒவ்வொரு பைட்டையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். தொடங்கும் முன் ‘இத்தனை எம்பியில் இத்தனை மட்டுமே சோதிக்கப்படும்’ என்று ஓர் எச்சரிக்கை வரலாம். கோப்பு முறை தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஓரிரு எம்பிதான் அது; பதற வேண்டாம். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் எஃப்3 இருக்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும்? 128 ஜிபி கார்டு நொடிக்கு 30 எம்பி எழுதினால் 71 நிமிடம். படித்துச் சரிபார்க்க 90 எம்பி வேகத்தில் 24 நிமிடம். 64 ஜிபி கார்டு 10 எம்பியில் எழுதினால் 107 நிமிடம். ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். லேப்டாப் தூங்கிவிடாதபடி மட்டும் அமைப்பை மாற்றிவையுங்கள்.

முடிவில் பிழையில்லை என்று வந்தால் கார்டின் கொள்ளளவு உண்மை. கூடவே சராசரி எழுதும் வேகமும் படிக்கும் வேகமும் வரும். கார்டு முழுவதும் எழுதிக் கிடைத்த சராசரி என்பதால், இந்தச் சோதனையிலேயே நம்பத்தகுந்த எண் இதுதான். ஒரே ஒரு ஜிபி ‘கரப்டட்’ என்று வந்தாலும் அந்தக் கார்டில் கல்யாணப் படம் எடுக்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. அட்டையில் ஒரு எம்பி என்பது 10,00,000 பைட். எச்2டெஸ்ட்டபிள்யூவுக்கும் விண்டோஸின் காப்பித் திரைக்கும் ஒரு எம்பி என்பது 10,48,576 பைட். அட்டைக் கணக்கில் 95 என்பது விண்டோஸில் 90.6 ஆகத் தெரியும். 128 ஜிபி கார்டு 119 ஜிபி என்று தெரிவதற்கும் இதே காரணம்தான். கிரிஸ்டல் டிஸ்க் மார்க் அட்டைக் கணக்கையே பின்பற்றுகிறது. ஆகவே இரண்டு மென்பொருள்களின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடும்போது இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கிரிஸ்டல் டிஸ்க் மார்க்

இது உச்ச வேகத்தைக் காட்டும். விண்டோஸுக்கு மட்டும். மேக்கில் பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட், ஆண்ட்ராய்டு போனில் சிபிடிடி ஆகியவை ஏறக்குறைய இதே வேலைக்கு உதவும்.

திறந்ததும் இயல்பாக 5 சுற்று, 1 ஜிபி என்று இருக்கும். 3 சுற்று, 8 ஜிபி என்று மாற்றுங்கள். 1 ஜிபி சோதனை சில கார்டுகளில் முதல் வேகப் பகுதிக்குள்ளேயே (படி 4-இல் விளக்கம்) முடிந்துவிடும், எண் அழகாக வரும், உண்மை வராது. நான்கு வரிசை விடைகள் வரும். பெரிய கோப்புக்கு, வரிசை ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை) என்று குறித்த வரியைப் பாருங்கள். 4 கிலோபைட் வரிகளில் ஆழம் 1 உள்ளதுதான் போனிலும் ராஸ்ப்பெர்ரி பையிலும் நடப்பதற்கு நெருக்கமானது. அந்த வரியில் எழுதும் வேகம் 2 எம்பிக்கு மேல், படிக்கும் வேகம் 6 எம்பிக்கு மேல் என்றால் ஏ1 குறி ஏறக்குறைய காப்பாற்றப்பட்டிருக்கிறது.

ராஸ்ப்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள டயக்னாஸ்டிக்ஸ் கருவியில் ஏ1 சோதனையை ஓட்டிவிடலாம். பை 3-இன் கார்டுத் துளை 25 எம்பி, பை 4 துளை 50 எம்பி, பை 5 துளை 104 எம்பி என்ற வரம்பில் இயங்குபவை. பை 4-இல் 200 எம்பி கார்டைப் போட்டு 44 வருகிறதே என்று கேட்பதில் அர்த்தமில்லை. லினக்ஸில், கணினியின் சொந்தத் துளையில் கார்டைச் செருகியதும் கர்னல் பதிவைப் பார்த்தால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட் எஸ்டிஆர்104’ என்றோ ‘டிடிஆர்50’ (50 எம்பி முறை) என்றோ ஒரு வரி விழும். எந்த முறையில் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். யுஎஸ்பி ரீடர் வழியாகச் செருகினால் இந்த வரி வராது.

படி 4: நீண்ட நேரம் எழுதுவது

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், வீடியோ எடுப்பவர்களுக்கோ இதுதான் முக்கியம். இன்றைய கார்டுகள் பலவற்றில் ஒரு செல்லுக்கு (தரவை வைக்கும் மிகச் சிறிய அறை) ஒரு பிட் மட்டும் வைக்கும் வேகமான பகுதி கொஞ்சம் இருக்கும். மற்ற இடத்தில் ஒரு செல்லுக்கு மூன்று பிட், சிலவற்றில் நான்கு பிட். வருவதை முதலில் வேகப் பகுதியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்கும். கடை வாசலில் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் பிறகு உள்ளே அடுக்குவது மாதிரி. வாசல் நிறைந்துவிட்டால் லாரி நிற்க வேண்டியதுதான்.

20 முதல் 30 ஜிபி வரை உள்ள ஒரே கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து கார்டுக்குக் காப்பி செய்யுங்கள். எஃப்ஏடி32 முறையில் இருக்கும் 32 ஜிபிக்குட்பட்ட கார்டு என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 3 ஜிபி கோப்புகள் ஆறேழு போதும். விண்டோஸ் காப்பித் திரையில் ‘மோர் டீடெயில்ஸ்’ அழுத்தினால் பச்சை வரைபடம் தெரியும். அதன் வடிவத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் ஓர் ஊசிமுனை எழும்பினால் அது கணினியின் நினைவகம் விழுங்கியது, கணக்கில் சேராது. பிறகு சமதளம். அந்தச் சமதளம் கடைசி வரை நீடிக்கிறதா, சில ஜிபி தாண்டியதும் படிக்கட்டு போல இறங்குகிறதா, அல்லது ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறதா? ரம்பப் பல் வடிவத்தில் கீழ்முனை எவ்வளவு என்பதுதான் வீடியோவுக்கு முக்கியம். சராசரி 50 இருந்தும் இரண்டு நொடிக்கு ஒருமுறை 5-க்கு விழும் கார்டு, கேமராவின் தற்காலிக நினைவகம் நிறைந்த கணத்தில் பதிவை நிறுத்திவிடும்.

லினக்ஸில் காப்பிப் பட்டை சட்டென்று முடிந்துவிட்டுக் கடைசியில் அசையாமல் நிற்கும். நினைவகத்தில் போட்டுவிட்டுப் பிறகு மெல்ல எழுதுகிறது. கார்டைப் பாதுகாப்பாக வெளியேற்றும் வரையிலான மொத்த நேரத்தை எடுத்து, கோப்பின் அளவை அதால் வகுத்தால்தான் உண்மை வேகம்.

கார்டைத் தொட்டுப் பாருங்கள். மைக்ரோ எஸ்டியும் யுஎச்எஸ்-2 கார்டும் நீண்ட நேரம் எழுதும்போது நன்றாகச் சூடேறும், சூட்டில் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். வேகம் திரும்பினால் காரணம் சூடு.

படி 5: கேமராவிலேயே சோதிப்பது

கணினியில் 85 எழுதும் கார்டு கேமராவில் 40 எழுதலாம், ஏனென்றால் கேமராவின் துளைக்கு என்று ஒரு வரம்பு உண்டு. அளப்பது எளிது. கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்து, ரா முறையில் (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக), தொடர் படப்பிடிப்பில் வைத்து, ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். படபடவென்று ஓடி, நினைவகம் நிறைந்ததும் வேகம் குறையும். அங்கே விரலை எடுத்துவிடுங்கள். முதல் படத்திலிருந்து கார்டு எழுதும் சிவப்பு விளக்கு அணையும் வரை எத்தனை நொடி என்று போனில் எண்ணுங்கள். 40 படம், ஒவ்வொன்றும் 25 எம்பி, மொத்தம் 1000 எம்பி, 14 நொடி ஆனது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 71 எம்பி. இன்னொரு கார்டிலும் அதே எண் வந்தால் வரம்பு கேமராவுடையது. மேலும் விலை உயர்ந்த கார்டு வாங்கி அதைத் தாண்ட முடியாது.

வந்த எண்ணுக்கு என்ன பொருள்?

படிக்கும் வேகம் 85 முதல் 95, அட்டையில் 170 அல்லது 200: கார்டு நலம். ரீடர்தான் வரம்பு.

20 முதல் 24: பழைய ‘ஹை ஸ்பீட்’ முறையில் இணைந்திருக்கிறது. அந்த முறையின் வரம்பு 25. ரீடர் பழையது அல்லது தகடுகளில் அழுக்கு. தகட்டை மென்மையான அழிப்பானால் லேசாகத் துடைத்து, உலர்ந்த துணியால் தூசியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

35 முதல் 42: யுஎஸ்பி 2. மேலே சொன்னபடி துளையையும் கேபிளையும் மாற்றுங்கள். 40 முதல் 48 வரை வந்து யுஎஸ்பி 3 என்று உறுதியாகத் தெரிந்தால், 50 எம்பி முறையில் இயங்கும் ரீடர்.

படிப்பது 90, எழுதுவது 12 முதல் 20: கார்டில் யு1 மட்டும் இருந்தால் அது தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது, புகார் சொல்ல இடமில்லை. யு3 அல்லது வி30 என்று போட்டிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஒரு நுணுக்கம்: வி குறியின் உறுதி, ஃபார்மேட் செய்த கார்டில், வரிசையான காலி இடத்தில், கேமரா அதற்கென்று உள்ள கட்டளைகளைக் கொடுத்து எழுதும்போதுதான். கணினியில் ஆயிரம் சின்னக் கோப்புகளைக் காப்பி செய்து 8 எம்பி வருகிறது என்பது வி30-க்கு எதிரான சாட்சி ஆகாது. ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் அட்டவணையைத் திருத்த வேண்டியிருக்கும், நேரம் அங்கே போகும். பெரிய ஒற்றைக் கோப்பில், காலிக் கார்டில், ஆறிய நிலையில் 30-க்கு வெகுவாகக் கீழே போனால்தான் டூப்ளிகேட் அல்லது தேய்ந்த கார்டு.

அடையாளம் பார்க்க இன்னொரு வழி, கார்டுக்குள் எழுதப்பட்டிருக்கும் தயாரிப்பாளர் எண். லினக்ஸில் சொந்தத் துளையில் செருகினால் கணினியின் சிஸ் அடைவில் இதைப் படிக்கலாம். ஆண்ட்ராய்டில் சில செயலிகளும் காட்டும். பதினாறு அடிமான எண்ணில் சான்டிஸ்க் 03, சாம்சங் 1பி, கிங்ஸ்டன் 41. பெட்டியில் ஒரு பெயரும் உள்ளே வேறு எண்ணும் இருந்தால் பெட்டி பொய். எண் சரியாக இருப்பதால் மட்டும் கார்டு உண்மை ஆகிவிடாது, நல்ல போலிகள் அதையும் நகல் எடுத்துவிடுகின்றன.

எவ்வளவு வேகம் உங்களுக்கு வேண்டும்?

கேமரா கையேட்டில் இருப்பது மெகாபிட், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுங்கள். 100 மெகாபிட் 4கே வீடியோ என்பது 12.5 எம்பி, அதற்கு வி30 தாராளம். சோனி ஏ7எஸ் 3 போன்ற கேமராவின் 600 மெகாபிட் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியாகப் பதியும்) முறைக்கு 75 எம்பி வேண்டும். வி60 பற்றாது, வி90தான். முகப்பில் 300 என்று இருக்கும் வி60 கார்டை நம்பி வாங்கி, அந்த முறையே கேமராவில் திறக்காமல் போவது இங்கேதான்.

படிக்கும் வேகம் யாருக்கு வேண்டும்? தினமும் கார்டைக் காலி செய்பவர்களுக்கு. நிறைந்த 128 ஜிபி கார்டை 200 எம்பியில் இறக்க சுமார் 11 நிமிடம், 90-இல் 24 நிமிடம், யுஎஸ்பி 2-இல் ஒரு மணி நேரம். முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவில் நான்கு கார்டுகளை இறக்க வேண்டியவருக்கு அந்தப் 13 நிமிடம் நான்கு மடங்கு. பொருந்தும் ரீடருக்குச் செலவழிப்பது நியாயம். மாதம் ஒருமுறை சுற்றுலாப் படங்களை இறக்குபவருக்கு அது வீண்செலவு.

கண்காணிப்பு கேமராவுக்கு வேகமே தேவையில்லை. 4 மெகாபிட் பதிவு என்பது நொடிக்கு அரை எம்பி. ஆனால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழுதாக அழிந்து மறுபடி எழுதப்படும், வருடத்துக்கு 120 தடவைக்கு மேல். அங்கே வாங்க வேண்டியது ‘ஹை என்டூரன்ஸ்’ என்ற வரிசை. அந்தப் பெட்டிகளில் வேக எண் சின்னதாகவே இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. விளையாட்டுகளை வைக்க அது மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டை மட்டுமே ஏற்கும். சாதாரண யுஎச்எஸ்-1 கார்டு எத்தனை வேகமானாலும் எடுபடாது.

திருப்பிக் கொடுக்க நேர்ந்தால்

ஆன்லைனில் வாங்கிய கார்டை, திருப்பும் கெடு முடிவதற்குள், பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் வீசாமல் வைத்துக்கொண்டு, படி 2-ஐ முதல் நாளே ஓட்டிவிடுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூவின் முடிவுத் திரையை அதன் எழுத்து வடிவத்தோடு சேமித்துக்கொள்ளுங்கள். முடிவை நகலெடுக்க அதிலேயே பொத்தான் உண்டு. கொள்ளளவு பொய் என்றால் அந்த ஒரு திரை போதும், யாரும் எதிர்வாதம் செய்ய முடியாது. வேகம் மட்டும் குறை என்றால், படிக்கும் வேகத்தைச் சொல்லிப் புகார் எழுதாதீர்கள். ‘வரை’ என்ற சொல்லைக் காட்டிவிடுவார்கள். யு3 அல்லது வி30 குறியை எழுதி, காலிக் கார்டில் ஒற்றைக் கோப்பில் கிடைத்த எழுதும் வேகத்தை எழுதி, எந்த ரீடர், எந்தத் துளை என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், கார்டை நிறைத்துக்கொண்டிருக்கும் சோதனைக் கோப்புகளை அழித்துவிட்டு, இனி எந்தக் கேமராவில் போடப் போகிறீர்களோ அதிலேயே ஒருமுறை ஃபார்மேட் செய்துவிடுங்கள்.